டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென்: திட்டமிடுவது முதல் இறங்குவது வரை

சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் பாதையில் 493 கிலோமீட்டர். மதியம் வைகையில் ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மதுரை போய்ச் சேரலாம். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், 476 கிலோமீட்டர். ஷின்கான்சென் எனும் ஜப்பானின் புல்லட் ரயில்களில், இந்தப் பாதையில் வேகமானதான நொசொமியில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

முதல் தடவை இந்தப் பயணத்துக்குத் திட்டமிட்டபோது நம்மூர் ரயில் பழக்கம் முழுதாக என்னோடு வந்தது. 60 நாளுக்கு முன் புக்கிங் திறக்கும் காலை எட்டு மணி, தட்கல், வெயிட்டிங் லிஸ்ட், ஆர்ஏசி, சார்ட் போடும் வரை வயிற்றைக் கலக்கும் காத்திருப்பு எல்லாம் மனதில் ஓடியது. அந்தப் பயத்தில் வெகு முன்னதாகவே ஒரு இணைய ஏஜென்சியில் கூடுதல் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். டோக்கியோ நிலையத்தில் போய் நின்றால், அறிவிப்புப் பலகையில் சில நிமிடங்களுக்கு ஒரு நொசொமி. கூட்டம் அதிகமான மணி நேரத்தில் ஒரே திசையில் 12 நொசொமி வரை ஓடும் அளவுக்கு 2020 மார்ச்சில் கால அட்டவணையை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு ரயிலிலும் 16 பெட்டிகள், சுமார் 1,320 இருக்கைகள். டிக்கெட் கிடைக்குமா என்ற கேள்வியே வருடத்தில் பெரும்பாலான நாட்களில் எழாது.

அதனால் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிட்டு, கவனத்தை வேறு விஷயங்களுக்குத் திருப்புங்கள். எந்த நிலையத்தில் ஏறுவது, எந்தப் பக்கம் உட்காருவது, சூட்கேஸை என்ன செய்வது. பயணம் இனிமையாக அமைவது இவற்றைப் பொறுத்துத்தான்.

முதலில் தேதி

பதற்றப்பட வேண்டிய நாட்கள் என்று மூன்று உண்டு. ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை வரும் கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன், டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் சில நாட்களும். தீபாவளிக்கு முந்தைய இரவு கிளாம்பாக்கம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போகும் நாட்கள் இவை. இந்த நாட்களில் நொசொமியில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது, எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுதான். செர்ரிப் பூ பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம், கியோட்டோவில் இலைகள் சிவக்கும் நவம்பர் பிற்பாதி ஆகியவற்றிலும் கூட்டம் இருக்கும். ரயில் கிடைக்கும், ஆனால் விரும்பிய இருக்கை கிடைக்காமல் போகலாம்.

வழக்கமான முன்பதிவு பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும். நமக்கு அது காலை ஆறரை. மேலே சொன்ன நாட்களில் போகிறீர்கள் என்றால் அந்த ஆறரை மணிக்கு எழுந்திருங்கள். மற்ற நாட்களில் ஒரு வாரம் முன்பு எடுத்தால் தாராளம். நல்ல ஜன்னல் இருக்கை வேண்டுமென்றால் இரண்டு மூன்று வாரம்.

நொசொமி, ஹிகாரி, கொடாமா

இதே பாதையில் மூன்று வகை ரயில்கள் ஓடுகின்றன. ஓடும் வண்டிகள் ஒரே மாதிரிதான், நிற்கும் இடங்கள்தான் வேறு. நொசொமி டோக்கியோவை விட்டால் ஷினகாவா, ஷின்-யோகோஹாமா, நகோயா, அடுத்தது கியோட்டோ. ஹிகாரி நடுவில் இன்னும் சில இடங்களில் நின்று சுமார் 2 மணி 40 நிமிடம் எடுக்கும். கொடாமா எல்லா நிலையத்திலும் நிற்கும். வேகமான ரயில்களுக்கு வழிவிட்டு நின்று நின்று போய்ச் சேர மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பெயர்களும் அழகானவை. கொடாமா என்றால் எதிரொலி, ஹிகாரி என்றால் ஒளி. 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குச் சில நாட்களுக்கு முன் இந்தப் பாதை திறந்தபோது இந்த இரண்டும்தான் இருந்தன. ஒளியை மிஞ்ச ஒரு பெயர் தேவைப்பட்டபோது, 1992இல், நம்பிக்கை என்று பொருள்படும் நொசொமியை வைத்தார்கள்.

வழக்கமான நாளில் டோக்கியோ–கியோட்டோ ஒருவழிக் கட்டணம் நொசொமி முன்பதிவு இருக்கைக்கு 14,170 யென். ஹிகாரியிலும் கொடாமாவிலும் முன்பதிவு இருக்கை 13,850. எதில் ஏறினாலும் முன்பதிவு இல்லாத இருக்கை 13,320. கூட்ட நாட்களில் முன்பதிவு இருக்கைக்கு 200 அல்லது 400 யென் கூடும், வெறிச்சோடிய நாட்களில் 200 குறையும். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்ச் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நொசொமிக்கும் ஹிகாரிக்கும் வித்தியாசம் 320 யென்தான், ஒரு காபிக் காசு. குறிப்பிட்ட நாட்களுக்கு இஷ்டம்போல் சுற்ற வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கும் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் வைத்திருப்பவரைத் தவிர மற்றவர்கள் நொசொமி எடுப்பதுதான் சரி. முன்பதிவு இல்லாத இருக்கைக்கும் 850 யென்தான் வித்தியாசம். நொசொமியில் 2025 மார்ச்சிலிருந்து அப்படிப்பட்ட பெட்டிகள் முதல் இரண்டு மட்டுமே. குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த 850 யெனை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டாம்.

காசு குறைவாக, நேரம் நிறைய இருக்கிறதா? கொடாமாவுக்கென்றே புராட்டோ கொடாமா என்று ஒரு சலுகைத் திட்டம் விற்கிறார்கள், குடிக்க ஏதாவது வாங்கிக்கொள்ள ஒரு கூப்பனோடு. இரவுப் பேருந்து இன்னும் மலிவு. முதுகு ஒத்துழைக்கும் வயதினருக்கு அது சரிதான்.

ஜேஆர் பாஸ் பற்றிப் பழைய அறிவுரையைக் கேட்காதீர்கள்

ஜப்பான் போய் வந்த உறவினர் யாரைக் கேட்டாலும் "பாஸ் வாங்கிடு" என்பார்கள். அவர்கள் போன காலத்தில் அது உண்மை. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. டோக்கியோ–கியோட்டோ போய் வந்தாலே கிட்டத்தட்ட பணம் தேறிவிடும். 2023 அக்டோபரில் அதை 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கியோட்டோ போய்த் திரும்ப 28,340. டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா வரை நொசொமியில் போய்த் திரும்பினாலும் 40,000 யென்னைத் தாண்டாது. மேலும், பாஸை வைத்து நொசொமியில் ஏறினால் கியோட்டோ வரைக்கும் தனியாக 4,960 யென் கட்ட வேண்டும். ஏழு நாளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு மட்டுமே அது லாபம்.

ஒரு மாற்று வழியைச் சொல்லலாம். டோக்கியோவிலிருந்து நாகானோ, கனசாவா வழியாக வடக்கே சுற்றிப் போகும் ஹொகுரிகு ஷின்கான்சென் 2024 மார்ச் 16 முதல் சுருகா வரை ஓடுகிறது. அங்கே தண்டர்பேர்ட் ரயிலுக்கு மாறினால் கியோட்டோ. நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். ஆனால் கனசாவாவில் ஒரு இரவு தங்கிப் போகிறவருக்கு அது தனி அனுபவம். அந்தத் தடத்துக்கென்று வெளிநாட்டினருக்குத் தனியாகப் பிராந்திய பாஸும் உண்டு. அப்படித் திட்டம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் நேர்ப் பாதைதான்.

எங்கே ஏறுவது

டோக்கியோ பயணம் என்றால் டோக்கியோ நிலையத்தில்தான் ஏற வேண்டும் என்று நினைப்பது இயல்பு. தங்கியிருப்பது ஷிபுயா, ஷின்ஜுகு பக்கம் என்றால் யமனோத்தே லைனில் ஷினகாவா வருவதுதான் சுலபம். எல்லா நொசொமியும் அங்கே நிற்கும். ஹனேதா விமான நிலையத்திலிருந்து நேராகக் கியோட்டோ போகிறவருக்கும் கெய்க்யூ லைனில் ஷினகாவா வந்து மாறுவது எளிது. நிலையமும் சிறியது, அலைச்சல் குறைவு.

உயேனோ, அசகுசா பக்கம் தங்கியவர்கள் டோக்கியோ நிலையம் போகலாம். முன்பதிவு இல்லாமல் ஏறுகிறவர்களும் அங்கேயே ஏற வேண்டும், ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் இடம் பிடிக்கலாம். அந்த நிலையத்தில் கியோட்டோ பக்க ரயில்கள் 14 முதல் 19 வரையுள்ள பிளாட்பாரங்களில் புறப்படும். பக்கத்திலேயே 20 முதல் 23 வரை வேறு ஷின்கான்சென், வடக்கே போகிறவை. அவற்றின் கேட்டும் வேறு. பச்சை நிறக் குறியீடு அங்கே போகும், நீல நிறம் நமக்கு. நம் பாதையின் பெயர் தொகைதோ ஷின்கான்சென், பலகையில் தொகைதோ என்று இருக்கிறதா என்று பார்த்துப் போங்கள். நிலையம் மிகப் பெரியது, முதல் தடவை போகிறவர் கையில் 40 நிமிடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்கேஸ்

இதில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், நானும் மாட்டியிருக்கிறேன். அப்பா அம்மாவோடு போன பயணத்தில் வீட்டிலேயே பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். மேலே வைக்கவும் முடியவில்லை, காலடியில் வைத்தால் அப்பாவுக்குக் காலை நீட்ட இடமில்லை. இரண்டேகால் மணி நேரமும் அவர் ஒருக்களித்தே உட்கார்ந்து வந்தார்.

விதி இதுதான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டுங்கள், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. 160 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எந்த இருக்கையும் எடுக்கலாம். 160க்கு மேல் 250 வரை என்றால், பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால் உள்ள இடத்தோடு சேர்ந்த இருக்கையை எடுக்க வேண்டும். அதற்குக் கூடுதல் பணம் கிடையாது. அப்படி எடுக்காமல் பெரிய பெட்டியோடு ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டும். 250க்கு மேல் ஏற்றவே கூடாது. 2020 மே மாதம் வந்த விதி இது.

விமானத்தில் செக்-இன் பெட்டிக்குப் பல நிறுவனங்கள் வைக்கும் வரம்பு 158 சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும் பெட்டி இங்கேயும் அடங்கும். ஆனால் வீட்டில் டேப் வைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள், கடைக்காரர் சொல்லும் அங்குலக் கணக்கில் பல நேரம் சக்கரம் சேர்ந்திருக்காது. கடைசி வரிசை இருக்கைகள் மற்றவற்றை விட முன்னதாகவே தீர்ந்துபோகும். பெரிய பெட்டி இருப்பவர்கள் மட்டும் சீக்கிரம் புக் செய்ய வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. தக்யூபின் என்று சொல்லப்படும் பார்சல் சேவையில் பெட்டியை முன்கூட்டியே அனுப்பிவிடுவது. ஹோட்டல் வரவேற்பிலேயே படிவம் எழுதிக் கொடுக்கலாம், பல கன்வீனியன்ஸ் ஸ்டோர்களிலும் வாங்கிக்கொள்வார்கள். டோக்கியோவில் இன்று கொடுத்தால் சாதாரணமாக நாளை கியோட்டோ ஹோட்டலில் இருக்கும். பெட்டிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். ஒரு இரவுக்கான துணியை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் இந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

எந்தப் பக்கம் உட்காருவது

சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் ஏ, பி, சி என மூன்று இருக்கைகள், மறு பக்கம் டி, இ என இரண்டு. ஃபூஜி மலை தெரிவது இ பக்கம். கியோட்டோ போகும்போது வலது கைப்பக்கம் வரும், திரும்பும்போது இடது கைப்பக்கம், எழுத்து மட்டும் இரண்டு தடவையும் இ தான். கிரீன் கார் எனும் உயர் வகுப்பில் வரிசைக்கு நான்கே இருக்கைகள் என்பதால் அங்கே டி.

டோக்கியோவை விட்டு சுமார் 40, 45 நிமிடத்தில், ஷின்-ஃபூஜி நிலையத்தைத் தாண்டும் வேளையில் மலை முழுதாகத் தெரியும். ஃபூஜி ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது குறுக்கே மறைப்பதற்குக் கட்டடங்கள் குறைவு. சில நொடிகள்தான். செல்போனை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் கண்ணால் பாருங்கள். குளிர்காலக் காலை வேளையில் தெரிய வாய்ப்பு அதிகம். கோடையில் பெரும்பாலும் மேகம் மூடியிருக்கும். ஏழெட்டு மணி ரயிலுக்கு இ இருக்கை எடுத்து வைத்தால் நம் பங்கை நாம் செய்தாயிற்று.

ஏ பக்கத்தில் அதாமி அருகே கொஞ்சம் கடல் எட்டிப் பார்க்கும். மூன்று பேராகப் போகிறவர்களுக்கு ஏ, பி, சி வசதி. நடு இருக்கையான பி மற்றவற்றை விட இரண்டு சென்டிமீட்டர் அகலம் கூடுதல். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை ஒரு பெரியவர் இரண்டு பேர் வரை டிக்கெட் இல்லாமல் மடியில் வைத்துக் கூட்டிப் போகலாம், 6 முதல் 11 வயது வரை அரைக் கட்டணம். கழிப்பறை ஒற்றைப்படை எண் பெட்டிகளின் முனையில் இருக்கிறது. வீல்சேருக்கான இடம் 11ஆம் பெட்டியில்.

டிக்கெட் எடுப்பது

வழிகள் பல இருந்தாலும் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்: ஸ்மார்ட்இஎக்ஸ் எனும் அதிகாரப்பூர்வ இணையச் சேவை, அல்லது அங்கே போய் நிலையத்தில் உள்ள இயந்திரம். மற்ற ஏஜென்சி தளங்கள் இதே டிக்கெட்டைத்தான் கட்டணம் சேர்த்து விற்கின்றன.

ஸ்மார்ட்இஎக்ஸை முதலில் பார்ப்போம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கணக்குத் தொடங்கிவிடுங்கள். இதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. கிரெடிட் கார்டைப் பதிவு செய்யும்போது வங்கி ஓடிபி அனுப்பும். ஜப்பானில் போய் இறங்கி, நம் ஊர் சிம்முக்கு எஸ்எம்எஸ் வராமல் நிலையத்தில் விழித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அதோடு, 2020க்குப் பிறகு இந்தியக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வருகின்றன. வங்கிச் செயலிக்குள் போய் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை நாமே இயக்க வேண்டும். கார்டு ஏற்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். செயலி உங்கள் போனில் கிடைக்காவிட்டால் அதே வேலையை ஆங்கில இணையதளத்தில் முடிக்கலாம்.

கணக்கு தயாரானதும் புறப்படும் நிலையம், சேரும் நிலையம், தேதி, நேரம், ஆட்கள் எண்ணிக்கை கொடுங்கள். ஒரே கணக்கில் ஆறு பேர் வரை எடுக்கலாம். ரயில் பட்டியல் வரும். டோக்கியோவிலிருந்து போகிறவற்றுக்கு ஒற்றைப்படை எண், டோக்கியோவுக்கு வருகிறவற்றுக்கு இரட்டைப்படை. திசையைத் தவறாகக் கொடுத்துவிட்டோமா என்று சரிபார்க்க இது ஒரு எளிய வழி.

ரயிலைத் தொட்டால் கட்டண வகைகள் காட்டும். பெயரில் ஹயதொகு என்று இருப்பவை முன்கூட்டியே எடுப்பவர்களுக்கான சலுகை: 3 நாள் முன்பு, 7 நாள் முன்பு, 21 நாள் முன்பு என்று. எல்லா ரயிலிலும் இருக்காது, இருக்கைகளும் குறைவு. தேதி உறுதியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றுவதிலும் ரயிலைத் தவறவிடும்போதும் அவற்றுக்கு விதிகள் கெடுபிடியானவை. வழக்கமான கட்டணத்தில் எடுத்தால் புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பு வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் ரயிலை மாற்றிக்கொள்ளலாம். முன்பதிவு இருக்கைக்கு 200 யென் தள்ளுபடியும் உண்டு. எனக்கு இந்தச் சுதந்திரம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஹோட்டலில் சாப்பிட்டு முடிக்க நேரமானால் போனிலேயே அடுத்த ரயிலுக்கு மாறிவிடலாம். அம்மாவுக்கு அன்று கால் வலி, அதனால் நாங்கள் ஒரே காலையில் இரண்டு தடவை மாற்றினோம்.

அடுத்து இருக்கைப் படம் வரும். இ பக்கம், ஜன்னல், கடைசி வரிசை என்று மேலே முடிவு செய்ததை இங்கே தொடுங்கள். பணம் கட்டினால் முடிந்தது.

இனி கேட்டில் எப்படி நுழைவது? இரண்டு விதம். சூயிகா, ஈகோகா போன்ற ஐசி கார்டு கையில் இருந்தால் அதன் பின்பக்க எண்ணைக் கணக்கில் பதிந்து, அந்தக் கார்டைத் தொட்டு நுழையலாம். இல்லையென்றால் க்யூஆர் டிக்கெட். குழுவாகப் போனால் ஒவ்வொருவருக்கும் தனி கார்டு அல்லது தனி க்யூஆர் வேண்டும். ஒரே போனில் நான்கு க்யூஆரை வைத்துக்கொண்டு கேட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்து வாங்குவதை விட, அவரவர் போனுக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள்.

இரண்டாவது வழி, நிலைய இயந்திரம். ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், பணமும் கார்டும் வாங்கும். இரண்டு சீட்டுகள் தனித்தனியாக வரலாம், ஒன்று அடிப்படைக் கட்டணம், இன்னொன்று ஷின்கான்சென் கட்டணம். கேட்டில் இரண்டையும் ஒன்றாக அடுக்கி உள்ளே விட்டு, அந்தப் பக்கம் வெளியே வரும்போது மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காகிதச் சீட்டுக்குப் பலர் கவனிக்காத ஒரு பலன் இருக்கிறது. அதில் டோக்கியோ நிலையம் என்று இல்லாமல் டோக்கியோ 23 வார்டுகள், கியோட்டோ நகரம் என்று அச்சிட்டிருக்கும். ஷின்ஜுகுவில் ஜேஆர் ரயில் ஏறுவதற்கும், கியோட்டோ நிலையத்தை விட்டு வெளியே வராமல் வேறு ஜேஆர் ரயிலுக்கு மாறி இனாரி அல்லது சாகா-அராஷியாமா வரை போவதற்கும் அதே சீட்டு செல்லும். ஸ்மார்ட்இஎக்ஸ் டிக்கெட்டில் இது கிடையாது, அது நிலையத்திலிருந்து நிலையத்துக்கு மட்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 400 யென் சொச்சம்தான் வித்தியாசம், அதில் பாதியை ஸ்மார்ட்இஎக்ஸ் தள்ளுபடியே ஈடுகட்டிவிடுகிறது. நான் மாற்றும் வசதிக்காக ஸ்மார்ட்இஎக்ஸ் பக்கம்தான். இணையத்தில் கார்டு படுத்துகிறது என்பவர்கள் கவலைப்படாமல் இயந்திரத்தில் முந்தைய நாள் எடுங்கள்.

சாப்பாடு

வண்டியில் தள்ளுவண்டி வரும் என்று நம்பி ஏறாதீர்கள். சாதாரண வகுப்பில் அந்தச் சேவையை 2023 அக்டோபர் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். பல்லே உடையும் அளவு கெட்டியாக இருக்கும் அந்தப் பிரபலமான ஐஸ்கிரீம் இப்போது பிளாட்பார இயந்திரத்தில் கிடைக்கிறது. வாங்கிக் கால் மணி நேரம் காத்திருந்து சாப்பிட வேண்டும், அத்தனை கெட்டி.

ரயில் நிலையப் பெட்டிச் சாப்பாடான எகிபென் வாங்கி, மலையைப் பார்த்தபடி சாப்பிடுவது இந்தப் பயணத்தின் பாதி சுகம். டோக்கியோ நிலையத்துக்குள் எகிபென்யா மத்சுரி என்ற கடையில் நாட்டின் பல ஊர் எகிபென்களும் அடுக்கியிருக்கும். காலையில் கூட்டம் நெரியும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காய்கறி மட்டும் தெரிகிற பெட்டியிலும் தாஷி எனும் மீன் சாறு பெரும்பாலும் கலந்திருக்கும். டோக்கியோ நிலைய ஜேஆர் கேட்டுக்குள், கெய்யோ ஸ்ட்ரீட் பகுதியில் டீஸ் தான்தான் என்ற முழு வீகன் ராமென் கடை இருக்கிறது. ஷின்கான்சென் கேட்டைத் தாண்டும் முன் அங்கே சாப்பிட்டுவிட்டு ஏறலாம். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டிலிருந்து கொண்டுபோன சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் ரயிலில் தாராளமாகச் சாப்பிடலாம், எல்லோரும் சாப்பிடுகிற ரயில்தான். வாசனை தூக்கலான ஊறுகாயை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பயண நாள்

கேட்டில் க்யூஆரைக் காட்டினால் சின்னச் சீட்டு ஒன்று வரும். பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அதில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஜேஆர் ரயிலில் சூயிகா தொட்டு வந்து, உள்ளேயே இருக்கும் மாறும் கேட்டில் நுழைகிறீர்கள் என்றால் சூயிகாவையும் தொட வேண்டும், க்யூஆரையும் காட்ட வேண்டும். ஒன்றை விட்டால் கேட் மூடிக்கொள்ளும், பக்கத்திலேயே ஊழியர் இருப்பார்.

பிளாட்பாரத் தரையில் பெட்டி எண்ணும் கதவு நிற்கும் இடமும் எழுதியிருக்கும். அங்கே வரிசை நிற்கும், நாமும் நிற்க வேண்டும். கியோட்டோ போகும்போது முதல் பெட்டி முன்னால் இருக்கும். நடு நிலையங்களில் ரயில் நிற்பது ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். ஷினகாவாவில் ஏறுகிறவர்கள் தங்கள் பெட்டிக்கு நேராக முன்கூட்டியே நின்றிருக்க வேண்டும்.

உள்ளே போன் பேச வேண்டியிருந்தால் பெட்டிகளுக்கு நடுவில் உள்ள கதவருகே போய்ப் பேசுங்கள். இருக்கையைச் சாய்க்கும் முன் பின்னால் இருப்பவரிடம் தலையசைத்துச் சொல்வது அங்கே வழக்கம். வைஃபை இலவசம். 2020இல் வந்த புதிய என்700எஸ் வண்டியில் எல்லா இருக்கையிலும் சார்ஜ் போடலாம், பழைய வண்டிகளில் ஜன்னல் பக்கம்.

ரயிலைத் தவறவிட்டால்? வழக்கமான கட்டணத்தில் எடுத்திருந்தால் அதே நாள் அடுத்த ரயிலின் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறிக்கொள்ளலாம். ரயிலே இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் ஷின்கான்சென் கட்டணப் பகுதியைத் திருப்பித் தருவார்கள். அப்படி நடப்பது அபூர்வம். குளிர்காலத்தில் நகோயாவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவில் செகிகஹாரா பக்கம் பனி கொட்டும்போது வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள், அதில் சில நிமிடங்கள் போகும்.

நகோயாவை விட்டதும் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். சுமார் 35 நிமிடத்தில் கியோட்டோ. அறிவிப்பு வந்ததும் எழுந்து கதவருகே வந்துவிடுங்கள், தூங்கிவிட்டால் அடுத்தது ஷின்-ஒசாகாதான்.

கியோட்டோவில் ஷின்கான்சென் பகுதி நிலையத்தின் தென்பக்கம், ஹச்சிஜோ வாசல் அருகே. நகரப் பேருந்துகளும் கியோட்டோ டவரும் வடக்கே கரசுமா வாசல் பக்கம். ஹோட்டல் எந்தப் பக்கம் என்று ரயிலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால், பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்காது.

திரும்பும் டிக்கெட்டை எடுக்கும்போதும் இ இருக்கைதான். கியோட்டோவில் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் ஃபூஜி வரும். டிசம்பர், ஜனவரியில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுவதால், மதியம் இரண்டு மணிக்கு முன் புறப்படும் ரயிலாகப் பார்த்து எடுங்கள்.